ஜீரோ வட்டி, ஒரு ரூபாய் பாக்கெட், அஞ்சு கிலோ சிலிண்டர்: சில்லறையா வாங்குறவருக்கு மட்டும் விலை ஏன் ஏறுது?

#1 கணக்குப்பிள்ளை

"நுகர்வுக் கலாசாரம் நல்லதா கெட்டதா" என்று பட்டிமன்றம் நடத்த இந்த இழை இல்லை. ஒரே பொருளுக்கு ஒருவர் குறைவாகவும் இன்னொருவர் கூடுதலாகவும் கொடுப்பது எப்படி நடக்கிறது, அந்த வித்தியாசம் யார் கைக்குப் போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருத்து மட்டும் வேண்டாம், எண் வேண்டும்.

முதல் கணக்கு நானே போடுகிறேன். ரூ.30,000 விலையுள்ள ஃபிரிட்ஜ், கிரெடிட் கார்டில் ஆறு மாத "நோ காஸ்ட் இஎம்ஐ". மாதம் 5,000, ஆறு மாதத்தில் 30,000. வட்டியே இல்லாதது போலத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. வங்கி 16% வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வீதம் ஆறு தவணை கட்டினால் அடைகிற கடன் 28,647 ரூபாய்தான். மீதி 1,353 வட்டி. அந்த 1,353-ஐக் கடையோ கம்பெனியோ "தள்ளுபடி" என்ற பெயரில் முன்கூட்டியே கழித்துவிடுகிறது. வட்டி இருக்கிறது, பில்லில் அதற்கு வேறு பெயர்.

இதில் ஒட்டிக்கொண்டு வருவது இரண்டு. கார்டு கடனின் வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, அது 244 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக "ஜீரோ"வின் விலை 479.

பெரிய விஷயம் அந்த 1,353. கம்பெனி அதை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் பொருளின் உண்மை விலை 28,647. மொத்தக் காசையும் மேசையில் வைத்துப் பேரம் பேசத் தெரிந்தவர் அந்த விலையை நெருங்கலாம். பேரம் பேசாமல் 30,000 ரொக்கம் கொடுத்துவிட்டு வருகிறவர், கடன் வாங்காமலேயே கடனுக்கான வட்டியைக் கட்டிவிட்டு வருகிறார்.

#2 ஷோரூம்மேசை

கணக்கு சரிதான். ஆனா கார்டு வச்சிருக்கிறவர் கதை அது. ஷோரூம்ல வீட்டுச் சாமான் கடன் பெரும்பாலும் ஃபைனான்ஸ் கம்பெனி மேசையிலதான் ஓடும். அங்க பாஷை வேற: 8/2, 10/3, 12/4. முதல் எண் மொத்தத் தவணை, ரெண்டாவது எண் அன்னைக்கே கட்ட வேண்டிய தவணை.

36,000 ரூபாய் வாஷிங் மெஷின், 12/4 திட்டம். தவணை 3,000. நாலு தவணை, அதாவது 12,000, கவுன்டர்லயே போயிடும். மீதி 24,000 எட்டு மாசத்துல. "ஒரு வருஷத் தவணை"ன்னு சொல்லி விக்கிறது நிஜத்துல எட்டு மாசக் கடன். பிராசசிங் கட்டணம் 700, ஜிஎஸ்டி சேர்த்து 826. அதை மீதி நிக்கிற அசலோட ஒப்பிட்டா வருஷத்துக்கு 9% சொச்சம் வரும். வட்டின்னு ஒரு பைசா வாங்காமலே ஒன்பது. இதுக்கு மேல கம்பெனிக்கு டீலர் பக்கத்துல இருந்தும் காசு வரும். அதுக்கு டிபிடின்னு பேரு, அந்தச் செலவு பொருள் விலைக்குள்ள ஏற்கெனவே உக்காந்திருக்கும்.

பில்லுல கவனிக்க வேண்டியது வேற இடம். நீட்டிப்பு வாரன்டி, பொருள் காப்பீடு, மெம்பர்ஷிப் கார்டுக் கட்டணம். இது மூணும் கடன் தொகைக்குள்ளயே சேர்ந்துடும். தவணை 3,000-க்குப் பதிலா 3,240-ன்னு வந்திருந்தா ஏதோ ஒண்ணு ஒட்டியிருக்குன்னு அர்த்தம். ஓடிபி கேக்கும்போது சொல்லிட்டோம்னா அதுக்கும் சம்மதம் கொடுத்த மாதிரிதான்.

நிஜமான அடி பவுன்ஸ்ல இருக்கு. தவணை கணக்குல இருந்து எடுக்கிற தேதி பெரும்பாலும் மாசம் 2 இல்ல 5. முதல் தேதி சம்பளம் வாங்குறவருக்கு அது பிரச்சினையே இல்ல. பத்தாம் தேதி கூலி வாங்குறவருக்கும், வாரச் சம்பளக்காரருக்கும் கணக்குல அன்னைக்குக் காசு இருக்காது. பவுன்ஸ் ஆனா ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதம், வங்கி தனியா ஒரு கட்டணம். ரெண்டு பக்கமும் ஐநூறை ஒட்டி வச்சாங்கன்னா 3,000 தவணைக்கு ஆயிரம் ரூபாய் தண்டம். சில சமயம் அதே தவணையை அதே மாசம் மறுபடி அனுப்புவாங்க. அப்பவும் காசு இல்லன்னா வங்கிக் கட்டணம் இன்னொரு தடவை.

#3 கேள்விக்குறி

எல்லாம் சரி. ஆனால் வாஷிங் மெஷின் வாங்கு என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே? ஏழைக்குப் பொருள் கிடைக்காமல் இருந்த காலத்தைவிடத் தவணையில் கிடைப்பது மேல்தானே.

இன்னொன்று. பாக்கெட்டில் வாங்கினால் விலை கூட என்பது பழைய செய்தி. ஒரு ரூபாய் ஷாம்பு வாங்குகிறவர் பாட்டில் வாங்குகிறவரைவிட மில்லிக்கு அதிகம் கொடுக்கிறார். அது எல்லாருக்கும் தெரியும். பாட்டிலுக்குக் காசு சேர்த்து வைத்து வாங்க வேண்டியதுதான்.

#4 மளிகைமொத்தம்

எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த விஷயம் ஷாம்புவைப் பொறுத்தவரை தப்பு.

கையில இருக்கிற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ஒரு ரூபாய்க்கு அஞ்சு, அஞ்சரை மில்லி வரும். அதாவது மில்லி இருபது காசுக்குள்ள. அதே பிராண்டு 180 மில்லி பாட்டிலைப் பாருங்க, மில்லி அம்பது காசைத் தாண்டும். நம்ம நாட்டுல ஷாம்பு பாக்கெட்டு பாட்டிலைவிட மலிவு. விவரம் தெரிஞ்ச வீடுகள்ல பாட்டிலைத் தொடாம சரமா வாங்கித் தொங்க விடுறது அதனாலதான்.

ஏன் மலிவு? பாட்டில், மூடி, அட்டை, சூப்பர் மார்க்கெட் அலமாரி வாடகை எதுவும் கிடையாது. அதைவிட முக்கியம் போட்டி. கடலூர்ல சின்னிகிருஷ்ணன் பாக்கெட்டுல அடைச்சு ஆரம்பிச்ச வேலையை அவர் மகன் ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாய் முதல் போட்டு 'சிக்' ஷாம்புவா கொண்டுபோனார். காலி பாக்கெட்டைக் கொண்டாந்தா ஒண்ணு இலவசம்னு ஊர் ஊரா வித்தாங்க. அதுக்கப்புறம் பெரிய கம்பெனிகளாலயும் ஒரு ரூபாய் பாக்கெட்டைக் கைவிட முடியல. ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய் ஆச்சுன்னா வாங்குறவர் அடுத்த பிராண்டுக்குப் போயிடுவார். பாட்டில் வாங்குறவர் விலையைப் பார்க்கிறதில்ல, லாபம் அங்கதான்.

அப்ப சில்லறையா வாங்குறவர் எங்க அடி வாங்குறார்? போட்டி இல்லாத இடத்துல. சமையல் எண்ணெய் 100, 200 மில்லி. தேயிலை, காப்பித்தூள் சின்னப் பொட்டலம். தேங்காய் எண்ணெய் குட்டி பாட்டில். அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்ன்னு விலையை நிறுத்திட்டு எடையைக் குறைக்கிற பிஸ்கட், முறுக்கு வகை எல்லாம். விலை ஏறினா கண்ணுக்குத் தெரியும். 60 கிராம் 52 ஆனா தெரியாது.

இதுல சட்டமும் ஒரு கண்ணை மூடிக்கிட்டிருக்கு. பாக்கெட் பொருள் மேல கிராமுக்கு இத்தனை, மில்லிக்கு இத்தனைன்னு அலகு விலை போடணும்னு 2011 எடையளவு விதிகள்ல பின்னாடி திருத்தம் வந்துச்சு. ஆனா 10 கிராம், 10 மில்லி வரைக்கும் உள்ள பொட்டலத்துக்கு விதிவிலக்கு உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க வசதி பெரிய பாட்டிலுக்கு இருக்கு, சின்னப் பொட்டலத்துக்கு இல்ல.

#5 கேள்விக்குறி

சரி, ஷாம்பு விஷயத்தில் நான் சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

அப்படியானால் பாக்கெட் ஏழைக்கு லாபம் என்றுதானே ஆகிறது?

#6 மளிகைமொத்தம்

விலையில லாபம். காலிப் பாக்கெட்டுல இல்ல.

பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுப்பார். பாக்கெட்டு பல அடுக்குப் படலம், பிரிச்சு உருக்க முடியாது, அதுக்கு எடைக்கு விலையே கிடையாது. குப்பை பொறுக்குறவரும் தொட மாட்டார். அது சாக்கடையில போய் அடைக்கும், இல்ல குப்பைமேட்டுக்குப் போகும். சென்னைக்கு அது பெருங்குடி, கொடுங்கையூர். கொடுங்கையூர் மேட்டைச் சுத்தி யார் குடியிருக்காங்கன்னு பாருங்க.

#7 சட்டக்குறிப்பு

தவணை பற்றிப் பேசுவதால் விதிகளை இங்கே போட்டு வைக்கிறேன். பலருக்கு உதவும்.

2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது: கார்டுத் தவணையில் "பூஜ்ய வட்டி" என்பதில் வட்டி பிராசசிங் கட்டணமாக மறைக்கப்படுகிறது, அது கூடாது. அதன் பிறகுதான் "ஜீரோ வட்டி" போய் "நோ காஸ்ட்" என்ற சொல் வந்தது. வட்டியைக் காட்டிவிட்டுத் தள்ளுபடியாகக் கழித்துக்கொள்கிறார்கள்.

2024 அக்டோபர் 1 முதல், கார்டு நிலுவை தவிர எல்லாச் சில்லறைத் தவணைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். அதில் ஆண்டுச் சதவீத விகிதம் என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசசிங் கட்டணம், கடனோடு கட்டும் காப்பீடு எல்லாம் சேர்ந்த எண் அது. இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்கலாம், தமிழில் கேளுங்கள்.

கார்டு அல்லாத கடனில் தாமதத்துக்கு "அபராத வட்டி" போட முடியாது. "அபராதக் கட்டணம்" மட்டும்தான், அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. இத்தனை விதிகளும் ஒழுங்குபடுத்தப்பட்ட கடனுக்குத்தான். சம்பளச் சீட்டும் நல்ல சிபில் எண்ணும் (கடன் வரலாற்று மதிப்பெண்) உள்ளவர் இந்த வேலிக்குள் இருக்கிறார். இல்லாதவர் வேலிக்கு வெளியே தண்டல்காரரிடம்.

#8 கணக்குப்பிள்ளை

தண்டலுக்கும் அந்த ஆண்டு விகிதத்தைப் போட்டுப் பார்க்கலாம், யாரும் போடுவதில்லை.

பத்தாயிரம் தண்டல். கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள். "ஆயிரத்து ஐநூறுதானே, 15 வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறது, காலம் நூறே நாள். நாள் வட்டி சுமார் 0.33%, ஆண்டுக்கு 120%. கையில் 9,000 கிடைத்தால் 77% அளவுக்கு வரும்.

நடுவில் இன்னொரு படி இருக்கிறது. ஊரில் வண்டிக்குக் கடன் தரும் சிறிய ஃபைனான்ஸ். "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி" என்பார்கள், ஆண்டுக்கு 12% போலத் தெரியும். அது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 24 மாதத்துக்கு அதன் உண்மை விகிதம் 21.6%.

ஆக ஒரே டிவிக்கு: கார்டு உள்ளவருக்கு ஆண்டுக்கு 5.5%-ஐ ஒட்டி, ஃபைனான்ஸ் மேசையில் 9-ஐ ஒட்டி, ஊர் ஃபைனான்ஸில் 22-ஐ ஒட்டி, தண்டலில் 77-க்கு மேல். டிவி மாறவில்லை. ஆளின் கையில் உள்ள காகிதம் மாறுகிறது.

#9 சட்டக்குறிப்பு

ஒரு வரி சேர்க்கிறேன். தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் பெயர் சொல்லியே தடை செய்யப்பட்டவை. தடை இருந்தும் ஏன் ஓடுகிறது என்றால், காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டில் சரக்கு எடுக்கக் காகிதம் கேட்காமல் பணம் தருகிறவர் வேறு யாரும் இல்லை.

#10 பேஸ்நியூட்ரல்

பொருள் வாங்கறதோட கணக்கு முடியறதில்ல. ஓட்டறதுக்கு ஆகற செலவுலதான் வாடகைக்காரருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் பெரிய பள்ளம். விரிவா எழுதறேன், பொறுத்துக்குங்க.

தமிழ்நாட்டுல வீட்டு மின்சாரம் ரெண்டு மாசக் கணக்கு. 2024 ஜூலையில வந்த விகிதத்தை வச்சுக் கணக்கு போடறேன். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், 101-200 வரை யூனிட் 2.35, 201-400 வரை 4.70, 401-500 வரை 6.30. 500-ஐத் தாண்டினா அந்த 2.35 படியே மறைஞ்சுடும். 101-400 முழுக்க 4.70, அப்புறம் 401-500 வரை 6.30, 501-600 வரை 8.40, 601-800 வரை 9.45. சரியா 500 ஓடினா 1,805 ரூபாய். 501 ஓடினா 2,048. ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்.

இப்ப ஒரே காம்பவுண்டுல மூணு குடித்தனம், ஆளுக்கு 200 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தா ஒருத்தருக்கு 235 ரூபாய், மூணு பேருக்கும் சேர்த்து 705. ஒரே மீட்டர், உள்ள சப் மீட்டர்னு வச்சா 600 யூனிட், பில் 2,880. இலவச நூறு மூணு தடவைக்குப் பதில் ஒரே தடவை, மேல்படி வேற ஏறுது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்கினா வசூல் 4,800. ஒரு குடித்தனம் 235 கட்ட வேண்டிய இடத்துல 1,600 கட்டுது. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அரசு கொடுக்கற நூறு யூனிட் மானியம் யாருக்குன்னு எழுதியிருக்கோ அவருக்குப் போகல.

உரிமம் இல்லாம மின்சாரம் விக்க 2003 மின்சாரச் சட்டம் 12-ஆம் பிரிவுல இடமில்ல. ஆனா வாடகைக்காரர் புகார் பண்ணினா அடுத்த மாசம் வீடு காலி பண்ணணும், அதனால யாரும் பண்ணறதில்ல. நடக்கக்கூடிய வழி ஒண்ணு: தனிச் சமையலறை, தனி வாசல் இருக்கற போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்டு வீட்டுக்காரரை விண்ணப்பிக்க வைக்கறது. இணைப்புச் செலவுல பங்கு போட்டுக்கறோம்னு சொன்னா சிலர் ஒத்துக்குவாங்க. இணைப்புச் செலவுல பாதி போட்டாலும் சீக்கிரமே அது திரும்பிடும், வித்தியாசமே ரெண்டு மாசத்துக்கு 1,365 ரூபாய்.

இது ஃபேனையும் பாதிக்குது. சாதா ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைஞ்ச மின்சாரத்துல ஓடற மோட்டார் வச்ச ஃபேன், 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல 40 யூனிட் மிச்சம். பிஎல்டிசிக்குக் கூடுதல் விலை 1,500-ன்னு வைங்க. யூனிட் 8 ரூபாய் கட்டறவருக்கு ரெண்டு மாசத்துக்கு 324 மிச்சம், பத்து மாசத்துல போட்ட காசு வந்துடும். 2.35 படியில இருக்கறவருக்கு 95 ரூபாய்தான் மிச்சம், ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆகும். நூறுக்குள்ள ஓட்டறவருக்கு மிச்சமே கிடையாது.

அதாவது இந்த ஃபேனால அதிக லாபம் அடையக்கூடியவர் சப் மீட்டர் வாடகைக்காரர். அவர்தான் வாங்க மாட்டார். கையில 3,000 மொத்தமா இருக்காது, ஒப்பந்தம் 11 மாசம், ஃபேனைக் கழட்டி எடுத்துட்டுப் போலாம்னு யாரும் சொல்லித் தரல. பழைய ஃபேனை அட்டைப்பெட்டியில போட்டு வச்சுக்குங்க, காலி பண்ணும்போது அதை மாட்டிட்டு உங்களதைக் கொண்டு போங்க. அவ்ளோதான்.

#11 தெற்குவாசல்

பிஎல்டிசி ரிப்பேர் பற்றியும் சொல்லுங்க அண்ணே. சாதா ஃபேன்னா தெருமுனையில முடிஞ்சுடும்.

#12 பேஸ்நியூட்ரல்

நல்ல கேள்வி, அதை விட்டுட்டேன். சாதா ஃபேன் மெதுவாச் சுத்தினா பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் போயிருக்கும், அம்பது நூறுல முடியும். காயில் எரிஞ்சா ரீவைண்டிங் உண்டு. பிஎல்டிசியில போறது உள்ள இருக்கற போர்டு. மின்னல், திடீர்னு ஏறற வோல்டேஜ் ரெண்டும் காரணம். நியூட்ரல் லூஸா இருக்கற பழைய காம்பவுண்டு வயரிங்ல இது சீக்கிரம் போகும். போர்டு கம்பெனி மாடலுக்குத் தனித்தனி, தெருமுனைக் கடையில கிடைக்காது. வாரன்டிக்கு பில்லும் முகவரியும் கேப்பாங்க. பில் போட்டோவை அன்னைக்கே எடுத்து வச்சுடுங்க, தெர்மல் பேப்பர் ஆறு மாசத்துல வெளுத்துடும். வாங்கும்போது வாரன்டி ரெண்டு வருஷமா அஞ்சு வருஷமான்னு பாருங்க, ஸ்டாரைப் பாக்கறதைவிட அது முக்கியம்.

#13 கேள்விக்குறி

மின்சாரக் கணக்கு உறைக்கிறது. ஆனால் கார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் வங்கி கொடுப்பதுதானே? அதில் ஏழைக்கு என்ன நட்டம்?

#14 கணக்குப்பிள்ளை

வங்கி தன் கைக்காசைக் கொடுப்பதில்லை. கிரெடிட் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் பொதுவாக 1.5 முதல் 2 சதவீதம் கட்டணமாக இழக்கிறார், அதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. பாயின்ட் அதிலிருந்து வருகிறது. விலைச்சீட்டு எல்லாருக்கும் ஒன்றே என்றால் அந்த இரண்டு சதவீதம் ரொக்கக்காரர் விலையிலும் இருக்கிறது.

ஆனால் இதைப் பெரிதாக்கவும் வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை. தெருக்கடையில் கிரெடிட் கார்டு அரிதுதான். ஆகவே இந்தச் சுமை பெரிய துணிக்கடை, மின்சாதனக் கடை, சூப்பர் மார்க்கெட்டில்தான் பொருந்தும். சில கடைகளில் "கார்டுக்கு 2% தனி" என்பார்கள். அது கார்டு நிறுவன விதிக்கு முரண் என்றாலும், பாயின்ட் வாங்குகிறவரே செலவையும் ஏற்கட்டும் என்பது கணக்கில் நியாயமாகத்தான் இருக்கிறது.

பாயின்ட்டுக்கு இன்னொரு ஊற்று கார்டுக்காரர்களுக்குள்ளேயே இருக்கிறது. முழு பில்லையும் கட்டுகிறவர், "மினிமம் டியூ" மட்டும் கட்டுகிறவர் என்று இரண்டு வகை. நிலுவை 20,000 என்றால் மாதம் 3.5% வட்டி 700, அதற்கு ஜிஎஸ்டி 126, ஆக 826. மினிமம் டியூ 5% என்றால் ஆயிரம். கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போவது 174 ரூபாய். நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லா நாள்கள் கிடையாது. முதல் வகைக்காரரின் ஏர்போர்ட் லவுஞ்சுக்கு இரண்டாம் வகைக்காரரும் ஒரு பங்கு கட்டுகிறார்.

#15 சட்டக்குறிப்பு

கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. இப்போது உச்சவரம்பு இல்லை.

#16 நீலச்சுடர்

அஞ்சு கிலோ சிலிண்டரைத் தலைப்பில் போட்டுவிட்டு யாரும் பேசவில்லை.

வீட்டு இணைப்பு 14.2 கிலோ. 2025 ஏப்ரல் விலையேற்றத்தில் சென்னையில் 868.50 ஆனது, அப்போது கிலோ 61 ரூபாய். ஜிஎஸ்டி 5%. இதற்கு ஆதாரும் முகவரிச் சான்றும் வேண்டும்.

முகவரி இல்லாதவர், கட்டுமான வேலைக்கு வந்தவர், அறை எடுத்துத் தங்கும் இளைஞர் ஆகியோருக்கு பெட்ரோல் பங்க்கிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும் அஞ்சு கிலோ சிலிண்டர். அடையாள அட்டை மட்டும் போதும். ஆனால் அதற்கு வீட்டு விலை கிடையாது, வணிக விலையை ஒட்டியே போகும், ஜிஎஸ்டி 18%. ஒப்பிட வேண்டுமானால், 19 கிலோ வணிக சிலிண்டர் 2025-ல் ஏப்ரல் முதல் கிலோவுக்குச் சுமார் 90 முதல் 100 ரூபாய் வரை இருந்தது. ஒரே சோறு, ஒரே அடுப்பு, கிலோவுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஹோட்டல்காரர் கட்டிய ஜிஎஸ்டியை விலையில் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்வார். அறையில் சமைப்பவர் யாரிடம் வாங்குவது?

இந்த விலைதான் சட்டவிரோதமாகக் கிலோக்கணக்கில் நிரப்பிக் கொடுக்கும் கடைகளுக்குச் சோறு போடுகிறது. பெரிய சிலிண்டரைக் கவிழ்த்து ரப்பர் குழாயில் சிறியதற்கு ஏற்றுவார்கள். எடை வைத்து நிறுத்தாமல் கண்ணளவில் ஏற்றினால், ஆவிக்கு விட வேண்டிய இடமும் திரவத்தால் நிரம்பிவிடும். வெயிலில் திரவம் விரியும்போது போக இடமில்லாமல் வால்வு கசியும். கசிந்த வாயு காற்றைவிடக் கனம், ஜன்னல் திறந்திருந்தாலும் தரையில் தங்கும்.

வழி இருக்கிறது: மத்திய அரசின் எரிவாயு இணைப்புத் திட்டமான உஜ்வலாவின் இரண்டாம் கட்டத்தில், 2021 முதல், புலம்பெயர்ந்த குடும்பங்கள் முகவரிக்குச் சுயஉறுதிமொழி கொடுத்தால் போதும். ஆனால் அது இணைப்பே இல்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில்தான். நான்கு ஆண்கள் தங்கும் அறைக்குப் பொருந்தாது.

#17 நகைத்தராசு

சுருக்கமா நகை. கிராம் 10,000-ன்னு வச்சுக்குவோம். 4 கிராம் தோடு, சேதாரம் 18%. தங்கம் 40,000, சேதாரம் 7,200, மேல 3% ஜிஎஸ்டி 1,416. மொத்தம் 48,616. மறுமாசமே அடகு வச்சா எடை போடுறது தங்கத்துக்கு மட்டும், கல் இருந்தா அதையும் கழிப்பாங்க. 75 சதவீதம்னா கையில 30,000. ரெண்டரை லட்சம் வரைக்கும் 85% கொடுக்கலாம்னு புது விதி, அப்பவும் 34,000-தான். உபரிக் காசு உள்ளவர் நாணயமா வாங்குறார், சேதாரம் சொற்பம். அவசரத்துக்கு அடகு வைக்கணும்னே தங்கம் வாங்குறவர் நகையா வாங்கிச் சேதாரத்தைத் தொலைக்கிறார்.

நகைச்சீட்டு ஏன் 11 மாசம்? முன்பணத்தை 365 நாளுக்குள்ள சரக்காத் திருப்பணும், இல்லைன்னா அது டெபாசிட்டுன்னு கம்பெனி விதி. பதினோரு மாசம் நம்ம காசு கடைக்கு வட்டியில்லாக் கடன், பதிலுக்குச் சேதாரத் தள்ளுபடி. ஒழுங்காக் கட்டி முடிச்சா நல்ல பேரம்தான். நடுவுல ரெண்டு மாசம் விட்டுப்போனா பல கடையில அந்தத் தள்ளுபடி போயிடும். யாருக்கு விட்டுப்போகும்னு சொல்லவே வேணாம். சேரும்போதே "தவணை தவறினா என்ன ஆகும்"ன்னு அட்டையில எழுதி வாங்குங்க.

#18 தெற்குவாசல்

தலை சுத்துது. ஷோரூம்மேசை அண்ணே, சம்பளச் சீட்டு இல்லாத ஒரு வீட்டுல ஃபிரிட்ஜ் வாங்கணும், தவணையிலதான் முடியும். கடையில என்ன வரிசையில என்ன கேக்கணும்?

#19 ஷோரூம்மேசை

முதல்ல தவணைன்னு வாயைத் திறக்காதீங்க. "ரொக்கம்னா கடைசி விலை என்ன"ன்னு கேட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்குங்க. அதுக்கப்புறம் தவணை கேளுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க வட்டி.

கட்ட வேண்டிய மொத்தத்தைக் கேளுங்க, மாசத் தவணையை இல்ல. முன்தவணை, பிராசசிங், கார்டுக் கட்டணம், மீதித் தவணை எல்லாத்தையும் கூட்டச் சொல்லுங்க. கூட்டினது பில் விலையைவிட எவ்வளவு தாண்டுதோ அதுக்குக் காரணம் கேளுங்க. வாரன்டி நீட்டிப்பு வேணாம்னா ஓடிபி சொல்றதுக்கு முன்னாடி சொல்லிடணும். பின்னாடி எடுக்க முடியும், ஆனா அலையணும்.

முக்கிய விவர அறிக்கையைத் தமிழ்ல கேளுங்க. அதுல ஆண்டு விகிதம், பவுன்ஸ் கட்டணம், முன்கூட்டி அடைச்சா என்ன கட்டணம், இந்த மூணையும் விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.

தவணைத் தேதியைக் கூலி வர்ற தேதிக்கு ரெண்டு நாள் தள்ளி வைக்க முடியுமான்னு கேளுங்க. சில கம்பெனியில முடியும், கேட்டாத்தான் செய்வாங்க. முடியலன்னா கூலி வர்ற அன்னைக்கே அடுத்த மாசத் தவணையைத் தனிக் கணக்குல போட்டு வைங்க. குறைந்தபட்ச இருப்பு கேக்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கா இருக்கணும், இல்லன்னா இருப்புக் குறைவுக் கட்டணம் பிடிச்சு அதனாலயே பவுன்ஸ் ஆகும்.

கடைசித் தவணை முடிஞ்சதும் ரெண்டு வேலை. கடன் முடிஞ்ச சான்று வாங்குங்க. வங்கிக்குப் போய் அந்தத் தானியங்கிப் பிடித்தத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து பண்ணுங்க. பல கம்பெனி அந்த அனுமதியை வாங்கும்போது தவணையைவிடப் பல மடங்கு உச்சவரம்பு போட்டு, அடுத்த கடனுக்கும் சேர்த்தே வாங்கி வச்சிருப்பாங்க. ரத்து பண்ணலன்னா அது உயிரோடவே இருக்கும்.